பானட்டில் நான்கு பட்டைகள்: கார் பெயின்ட் பூச்சுகளை ஓராண்டு வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் வைத்துப் பார்த்ததில் தெரிந்தவை

கோவையில் சிறிய கார் பராமரிப்புக் கடை வைத்திருக்கிறேன். 2023 பொங்கல் முடிந்த வாரத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் தம் கறுப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. நிழலில் வண்டி நன்றாகத்தான் தெரிந்தது. வெயிலுக்கு நகர்த்தியதும் பானட் முழுவதும் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாக நுண்கீறல்கள் மின்னின.

"வாங்கும்போதே டெஃப்லான் கோட்டிங் என்று ஆறாயிரம் ரூபாய் கொடுத்தேன் தம்பி. மூன்று வருடம் நிற்கும் என்றார்கள். ஆறு மாதத்தில் இப்படி ஆகிவிட்டது. இப்போது நீங்கள் செராமிக் போடலாம் என்கிறீர்கள். அது நிற்கும் என்பதற்கு என்ன நிரூபணம்?"

என்னிடம் இருந்தது கம்பெனிக்காரர்கள் கொடுத்த விளம்பரத் தாள் மட்டும்தான். கணித ஆசிரியரிடம் அதை நிரூபணமென்று நீட்ட மனம் வரவில்லை. தயங்கி நின்றதைப் பார்த்து அவரே வழி சொன்னார்: "என் வண்டியிலேயே போட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். ஒரே வெயில், ஒரே தூசி, ஒரே தண்ணீர். ஒரு வருடம் கழித்துப் பேசுவோம்." அப்படித் தொடங்கியதுதான் இந்த ஆய்வு. பூச்சுகளின் பிராண்டு பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு வண்டியில் நடந்ததை வைத்து ஒரு நிறுவனத்தின் சரக்கை உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது. பூச்சின் வகையைப் பற்றிப் பேசினாலே போதுமானது.

அவர் ஏமாந்த டெஃப்லான் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1938-இல் டூபான்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த பொருள் அது. எதுவும் அதில் ஒட்டாது. அதனாலேயே அது பிற பொருள்களில் ஒட்டுவதும் கடினம். தோசைக்கல்லில் அதை நிலைநிறுத்த அடிப்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதன் உருகுநிலையான 327 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடவைக்கிறார்கள். கார் பெயின்டோ தொழிற்சாலையிலேயே 140 டிகிரி அளவில்தான் சுடப்படுகிறது. ஷோரூமின் பின்பக்கக் கொட்டகையில் பஞ்சால் தடவித் துடைத்தால் டெஃப்லான் எப்படிப் பிடிக்கும்? அந்தப் புட்டியில் பளபளப்பைத் தந்தது உடனிருந்த மெழுகும் சிலிக்கோன் எண்ணெயும்தான். அவை கழுவக் கழுவப் போய்விட்டன.

வண்டியைத் தயார் செய்யவே இரண்டு நாள் ஆனது. முதலில் ஷாம்பு போட்டுக் கழுவினேன். பிறகு இரும்புத் துகள் நீக்கியைத் தெளித்தேன். பிரேக்கிலிருந்து பறந்து பெயின்டில் குத்தி நிற்கும் துகள்கள் அதில் கரைந்து ஊதா நிறமாக வழிந்தன. களிமண் கட்டியால் தேய்த்து மிச்சம் மீதியையும் எடுத்த பின், பஃபிங் மெஷினால் இரண்டு சுற்று மெருகேற்றினேன். தடிமன் பார்க்கும் கருவி மெருகுக்கு முன் பானட்டில் 110 முதல் 120 மைக்ரான் வரை காட்டியது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மொத்தப் பெயின்டும் அவ்வளவுதான். நிறமற்ற மேலடுக்கான கிளியர் கோட் அதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம் இருக்கும். நாம் மெருகேற்றுவது அந்த மேலடுக்கைச் சுரண்டித்தான். ஒவ்வொரு பாலிஷும் மூலதனத்தைக் கரைக்கும் செலவு. கடைசியாக ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்தேன். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். அது இருக்கும்வரை பூச்சின் உண்மை முகம் தெரியாது.

பானட்டை டேப் ஒட்டி நீளவாக்கில் பிரித்தேன். ஓட்டுநர் பக்கத்திலிருந்து வரிசையாக கார்னோபா மெழுகு, செயற்கைப் பாலிமர் சீலன்ட், தெளித்துத் துடைக்கும் சிலிக்கா ஸ்பிரே, செராமிக் கோட்டிங். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டையை வெறுமையாக விட்டேன். என்ஜின் சூடு பானட்டின் நடுவே அதிகம் என்பதால், கூரையிலும் அதே நான்கையும் வரிசையை மாற்றிப் போட்டேன். ஒரு பட்டை நன்றாக நிற்பது பூச்சினாலா, இடத்தினாலா என்ற குழப்பம் வரக்கூடாது. டிக்கியின் ஓரத்தில் ஒரு சாண் இடத்தை மெருகே ஏற்றாமல், பழைய கீறல்களோடு அப்படியே வைத்து, அதன்மேல் செராமிக் தடவினேன். இந்தக் கடைசி யோசனை ஆசிரியருடையது. இந்த ஆய்வில் மிகவும் பயன்பட்டதும் அதுதான்.

தோற்றத்தைப் பற்றிய கேள்விக்கு முதல் நாளே விடை கிடைத்துவிட்டது. கார்னோபா மெழுகு என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படியும் மெழுகு. கறுப்பு வண்டிக்கு அது தரும் ஆழமான ஈரக் கறுப்பை வேறு எதுவும் தராது என்று தொழிலில் சொல்வார்கள். நானும் வாடிக்கையாளர்களிடம் பல வருடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். டேப்பை உரித்ததும் ஆசிரியரையும் அவர் மனைவியையும் பக்கத்துப் பட்டறையின் பெயின்டரையும் அழைத்து, எந்தப் பட்டையில் எது என்று சொல்லாமல் காட்டினேன். பெயின்டர் மட்டும் வெறும் பட்டையைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்தார். மற்ற நான்கில் எது மெழுகு, எது செராமிக் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை அந்த அம்மா மறுபடி பார்த்துவிட்டு முந்தைய நாள் சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னார்.

டிக்கி ஓரத்தில் இருந்த அந்த ஒரு சாண் இடம் மட்டும் எல்லாருக்கும் உடனே தெரிந்தது. விலை உயர்ந்த செராமிக் பூசியிருந்தும் அது மங்கித்தான் கிடந்தது. கீறல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள்போல அப்படியே பத்திரமாக இருந்தன. பளபளப்பைத் தருவது பரப்பின் வழவழப்பு. அதை உண்டாக்குவது மெருகு. ஒரு மைக்ரான் அளவுக்குப் படியும் எந்தப் பூச்சும் அதைவிட ஆழமான கீறலை நிரப்பாது. இன்று ஒருவர் என்னிடம் வந்து "எதைப் போட்டால் வண்டி அதிகம் மின்னும்?" என்று கேட்டால், எதைப் போடுவது என்பதை அப்புறம் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று. செராமிக் போட்ட பிறகு தடிமன் கருவியை வைத்து "பாருங்கள், மூன்று அடுக்கு ஏறியிருக்கிறது" என்று காட்டும் வழக்கம் உண்டு. என் கருவியில் பூச்சுக்கு முன்னும் பின்னும் வித்தியாசம் தெரியவே இல்லை. அந்தக் கருவியை இரண்டு விரற்கடை நகர்த்தினாலே எண் நான்கைந்து மைக்ரான் மாறும். அதை வைத்து ஒரு மைக்ரானை அளந்தேன் என்பவரை நம்ப வேண்டாம்.

ஆயுள்தான் ஓராண்டு எடுத்துக்கொண்டது. பூச்சு இருந்தால் தண்ணீர் துளியாகத் திரளும், போய்விட்டால் தட்டையாகப் பரவும் என்பது தொழிலின் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போய் தெளிப்பானால் தண்ணீர் அடித்து, ஒரே கோணத்தில் படமெடுத்து, துளிகளின் உருவத்தையும் தண்ணீர் வழிந்து போக ஆகும் நேரத்தையும் நோட்டில் குறித்துவைத்தேன். கழுவுவது அவர் வீட்டு வழக்கப்படியே நடக்கட்டும், ஷாம்பு மட்டும் நான் தருவதாக ஏற்பாடு. வண்டி நின்றது திறந்த வெளியில், பகல் முழுவதும் வெயில்.

மெழுகு மார்ச் நடுவிலேயே தளர்ந்தது. அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பானட்டில் அகச்சிவப்பு வெப்பமானி 68 டிகிரி காட்டியது. தூய கார்னோபா 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் டப்பாவில் வருவது எண்ணெயும் மென்மையான மெழுகுகளும் கலந்தது. அது உருகி ஓடவில்லை, இளகியது. இளகிய மெழுகில் தூசி ஒட்டியது. கழுவும்போது தூசியோடு மெழுகும் போனது. சித்திரை பிறந்தபோது அந்தப் பட்டைக்கும் வெறும் பட்டைக்கும் வித்தியாசம் இல்லை.

சிலிக்கா ஸ்பிரேக்கு முடிவு வெயிலால் வரவில்லை. மே மாதம் வீட்டில் ஒரு கல்யாணம். ஆசிரியரின் மகன் ஊரிலிருந்து வந்தவர், ஆய்வு நடப்பது தெரியாமல் வண்டியை ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டுவிட்டார். அங்கே அடித்த நுரை காரம் மிகுந்தது. லாரி சேசிஸில் படிந்த கிரீஸைக் கரைக்கும் சரக்கையே கார்களுக்கும் அடிக்கிறவர்கள் உண்டு. அடுத்த ஞாயிறு போய்த் தண்ணீர் அடித்தால் ஸ்பிரே பட்டையில் துளியே நிற்கவில்லை. நான்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்ந்துவந்தது. ஒரு நுரைக் குளியலில் முடிந்துவிட்டது. பாலிமர் பட்டையிலும் துளிகள் தட்டையாகியிருந்தன. செராமிக்கில் மாற்றம் இல்லை. கார அமிலத் தாக்குதலைத் தாங்குவது செராமிக்கின் உண்மையான பலம். அது பெயின்டின் மேல் காய்ந்து கிடக்கும் பண்டமல்ல. காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து வலைபோலப் பின்னிப் பெயின்டைப் பற்றிக்கொள்ளும் சிலிக்கான் சேர்மம்.

இதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடியே போனது. ஜூலையில்தான் நிலைமை தலைகீழானது.

ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தூறலும் தூசியும் மாறி மாறி விழும் நாட்கள். அந்த ஞாயிறு செராமிக் பட்டையில் தண்ணீர் அடித்தேன். துளி எழவில்லை. வெறும் பட்டையில் போலவே தண்ணீர் தட்டையாகப் பரவி அப்படியே கிடந்தது. பக்கத்தில் பாலிமர் பட்டையிலோ தளர்ந்தபடியாவது துளிகள் நின்றன. இருபது மடங்கு விலையுள்ள பூச்சு, ஆறே மாதத்தில் எளிய சீலன்ட்டிடம் தோற்றுவிட்டது. நோட்டில் "செராமிக் முடிந்தது" என்று எழுதித் தேதியும் போட்டேன். எத்தனை பேருக்கு இதைப் போட்டுக் காசு வாங்கியிருக்கிறோம் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனேன். செராமிக் பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, அரிசி மாவில் விரல் நுனி வைத்து எடுத்ததுபோலப் படிந்திருந்தன. விரலால் தொட்டால் முன்பிருந்த வழுக்கல் இல்லை, ஒரு நறநறப்பு. வண்டியைக் கழுவுவது எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன். "வேறெதில், உப்புத் தண்ணீரில்தான்" என்றார் அந்த அம்மா. கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்று குடிக்கச் சிறுவாணி ஆற்றுத் தண்ணீர், இன்னொன்று புழங்க போர்வெல் உப்புத் தண்ணீர். சிறுவாணியை ஊற்றி யாரும் காரைக் கழுவ மாட்டார்கள், கழுவவும் கூடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்ட, குடிநீர் சுத்திகரிப்பான் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் மீட்டரை வாங்கி இரண்டிலும் வைத்துப் பார்த்தேன். சிறுவாணியில் எண் நூறைத் தொடவில்லை. போர்வெல் தண்ணீரில் ஆயிரத்து முந்நூறைத் தாண்டியது.

அடுக்களையிலிருந்து கொஞ்சம் வினிகர் கேட்டு வாங்கி, சம அளவு தண்ணீர் கலந்து, ஒரு துணியில் நனைத்து, செராமிக் பட்டையின் நடுவே உள்ளங்கை அளவு இடத்தில் அரை நிமிடம் வைத்து எடுத்தேன். நல்ல தண்ணீரால் அலசினேன். பிறகு பட்டை முழுவதும் தெளித்தேன். சுற்றிலும் தண்ணீர் சோம்பலாகக் கிடந்தது. அந்த உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் குண்டு குண்டாக உருண்டு திரண்டு நின்றது. ஜனவரியில் எடுத்த படத்தில் இருந்ததைப் போலவே. ஆசிரியர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "மற்றப் பட்டைகளிலும் இதையே செய்யுங்கள்" என்றார்.

செய்தேன். மெழுகுப் பட்டையில் ஒன்றும் திரும்பி வரவில்லை. ஸ்பிரே பட்டையிலும் இல்லை, வெறும் பட்டையிலும் இல்லை. பாலிமரில் துளிகள் சற்றே நிமிர்ந்தன. ஆகவே தண்ணீரைத் திரட்டியது வினிகர் அல்ல. செராமிக் பூச்சு அழியாமல் உள்ளே இருந்திருக்கிறது. அதன்மேல் உப்புத் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும் படிந்து மூடியிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தது பூச்சையல்ல, அதன்மேல் படிந்த உப்பை. நோட்டில் எழுதியதை அடித்தேன்.

ஏன் செராமிக் பட்டை முதலில் மூடிப் போனது? தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் சொல்லும் உவமையே இங்கே நம்மை ஏமாற்றுகிறது. தாமரை இலையில் தண்ணீர் உருண்டோடுவதற்கு மெழுகு மட்டும் காரணமல்ல. இலை முழுவதும் நிரம்பியிருக்கும் நுண்ணிய மேடுகளின் நுனியில்தான் துளி நிற்கிறது என்பதை ஜெர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார். துளியின் ஓரம் பரப்பைத் தொடும் கோணம் பெரிதாக இருக்க இருக்கத் துளி உருண்டையாக நிற்கும். தாமரை இலையில் அந்தக் கோணம் 150 டிகிரிக்கு மேல். கார்ப் பூச்சில் 100, 110 என்ற அளவுதான். பெயின்ட் வழவழப்பானது, மேடுகள் கிடையாது. எனவே பானட் போன்ற கிடைமட்டப் பரப்பில் துளி திரண்டு நிற்குமே தவிர ஓடாது. நின்ற துளி வெயிலில் காயும். தட்டையாகப் பரவிய தண்ணீர் விட்டுச் செல்லும் உப்பு பரவலாக, மெல்லியதாக இருக்கும். குண்டுத் துளியின் உப்பெல்லாம் ஒரே புள்ளியில் குவியும். எந்தப் பூச்சு நீர்முத்துகளை அழகாகக் காட்டுகிறதோ அதுவே உப்புக் கறையையும் அதிகம் வாங்குகிறது. கதவுகளில் தண்ணீர் தானே வழிந்துவிடும். கூரையிலும் பானட்டிலும்தான் இந்தச் சிக்கல்.

துளியை மட்டும் பார்த்து ஆயுளைத் தீர்மானிப்பவர்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் தவறுகிறார்கள். நானும் இத்தனை வருடம் தவறியிருக்கிறேன். "கோட்டிங் போய்விட்டது" என்று திரும்பி வந்த வண்டிகளை மறுபடி பாலிஷ் போட்டு, மறுபடி பூசியிருக்கிறேன். அவற்றில் எத்தனை வண்டிகளுக்கு ஒரு குவளை வினிகர் தண்ணீர் போதுமானதாக இருந்திருக்கும்!

ஆகஸ்ட்டிலிருந்து கழுவும் முறையில் இரண்டே மாற்றங்கள் செய்தோம். வெயில் ஏறுமுன் கழுவி, காய விடாமல் துடைப்பது. கடைசி அலசலுக்கு மட்டும் மொட்டை மாடியில் பிடித்த மழைநீர் ஒரு வாளி. பாலிமர் பட்டை ஆகஸ்ட் முடிவதற்குள் ஓய்ந்தது. ஏழு மாதத்துக்கு மேல். அதன் விலைக்கு அது பெரிய காரியம். செராமிக் வடகிழக்குப் பருவமழை முழுவதையும் தாண்டி, 2024 பொங்கலன்று எடுத்த படத்திலும் துளிகளை நிறுத்திக் காட்டியது. கூரையில் கொஞ்சம் தளர்வு. அங்கேதான் வெயில் அதிகம்.

இனி செராமிக் தராதவை. அக்டோபரில் ஒரு காக்கை எச்சம் கூரையின் செராமிக் பட்டையில் விழுந்து ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தது. கழுவிய பின் தழும்பு இருந்தது. வெறும் பட்டையில் விழுந்ததைவிட ஆழம் குறைவு, ஆனால் தழும்பு தழும்புதான். எச்சத்தின் அமிலம் ஒரு பங்கென்றால், வெயிலில் இளகிய கிளியர் கோட்டை, காய்ந்து சுருங்கும் எச்சம் பற்றி இழுப்பது இன்னொரு பங்கு. எந்தப் பூச்சும் அதைத் தடுக்காது. ஈரத்துணி வைத்து ஊறவிட்டு உடனே எடுப்பதுதான் வழி. அந்தத் தழும்பைப் போக்க மெருகேற்றினால் செராமிக்கும் சேர்ந்து போய்விடும்.

கீறல்களும் அப்படியே. வருடக் கடைசியில் எல்.இ.டி. விளக்கடியில் பார்த்தபோது ஐந்து பட்டைகளிலும் சிலந்தி வலை மறுபடி பின்னத் தொடங்கியிருந்தது. செராமிக்கில் சற்றுக் குறைவு என்று சொல்லலாம், இல்லை என்று சொல்ல முடியாது. புட்டியில் "9H" என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வைரத்துக்கு அடுத்த கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பென்சில் அளவுகோல். 9H பென்சிலால் அழுத்திக் கோடு போட்டால் கீறல் விழவில்லை என்று மட்டுமே பொருள். பென்சில் கரி என்பது கிராஃபைட்டும் களிமண்ணும். சாலைத் தூசியில் இருப்பதோ குவார்ட்ஸ் மணல். தாதுக்களை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7. அந்த மணல் படிந்த துணியால் தேய்த்தால் எந்தக் கோட்டிங்கும் கீறும். ஒரு வாளியில் ஷாம்பு, ஒரு வாளியில் துணியை அலச நல்ல தண்ணீர் என்று இரண்டாகப் பிரித்துக் கழுவினால் பாதி மணல் வண்டிக்குத் திரும்பாது. பத்து ரூபாய் செலவில்லாத வேலை.

ஆய்வு முடிந்ததும் ஆசிரியர் கேட்ட நிரூபணத்தை நோட்டோடு கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். "உப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் நிறுத்துகிறவனுக்கு எது நல்லது?" என்று கேட்டார். பாலிமர் சீலன்ட், வருடத்துக்கு இரண்டு தடவை, நீங்களே போட்டுக்கொள்ளலாம் என்றேன். செராமிக் விற்றால் எனக்குக் கிடைக்கும் லாபம் பல மடங்கு. ஆனால் மாதம் ஒருமுறை உப்பை எடுத்து, ஒவ்வொரு தடவையும் துடைத்து வைத்திருக்க முடிகிறவர்களுக்குத்தான் அது கொடுத்த காசுக்கு உழைக்கும். எழுபது வயதில் அவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஷெட்டில் நிறுத்துகிறவர், நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுகிறவர், பூச்சிச் சாறும் தாரும் கழுவிக் களைத்தவர் வந்தால் இன்றும் செராமிக்கையே சொல்கிறேன். வினிகர் கதையையும் சேர்த்துத்தான்.

பானட்டை முழுக்க ஒருமுறை லேசாக மெருகேற்றி, ஒரே சீராகப் பாலிமர் போட்டுக் கொடுத்தேன். கூரையில் இருக்கும் செராமிக் பட்டையை மட்டும் தொடவில்லை. அது எப்போது உண்மையாகவே ஓய்கிறது என்று பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தெளிப்பானும் நோட்டும் இப்போது அவர் கையில் இருக்கின்றன. தண்ணீர் தட்டையாகக் கிடந்தால் முதலில் துணியில் வினிகரை நனைத்து வைத்துப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எனக்கு போன் செய்கிறார்.